முப்பத்தேழு நானோமீட்டர்

“சார், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமா நகந்துக்கிறீங்களா? நிழல் விழுது” என்று கேமராக்காரர் சொன்னபோது, அது தன்னைத்தான் என்று சிவராமுக்கு உடனே உறைக்கவில்லை. பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தான். பின்னால் சுவர்தான் இருந்தது. மூன்று எட்டு நகர்ந்து, சிலிண்டருக்கும் அலமாரிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான். அந்த இருட்டறையில் அப்படியொரு இடுக்கு இருப்பதே அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், மதுரை மேலூர் ரோட்டிலிருக்கும் அந்தத் தனியார் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், உடைந்த பெஞ்சுகள் அடைந்து கிடந்த ஸ்டோர் ரூமைக் கேட்டு வாங்கி, விளக்குத்தூண் கடைத்தெருவில் கறுப்புத் துணி எடுத்துவந்து ஜன்னல்களுக்குத் தானே ஆணி அடித்து மறைத்தவன் அவன். லேசரும், முப்பட்டைக் கண்ணாடியும், அதை இம்மி இம்மியாகச் சுழற்றும் மேடையும் ஒவ்வொன்றாக அவன் கையால் உள்ளே வந்தவை. இப்போது அதே மேடைக்குப் பக்கத்தில் அவன் மனைவி சாருலதா மைக் குத்திய புடவையோடு நின்றுகொண்டிருந்தாள்.

திவ்யா என்ற அந்த நிருபர் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. “மேடம், எங்க பாட்டிக்கும் புரியற மாதிரி சொல்லுங்க” என்றாள்.

சாரு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “ஒரு சின்னக் கண்ணாடி. அதுமேல கண்ணுக்கே தெரியாத அளவுக்குத் தங்கம் பூசியிருக்கோம். இது மேல லேசர் வெளிச்சத்த அடிச்சா எல்லாக் கோணத்துலயும் திரும்பி வந்துரும். ஒரே ஒரு கோணத்துல மட்டும் வராது. தங்கத்துலயே தங்கிரும். அதனாலதான் அதுக்குத் தங்கம்னு பேரு” என்று சொல்லிச் சிரித்தாள். திவ்யா கைதட்டாத குறை. “தங்கத்துமேல பாம்பு விஷத்தப் புடிச்சு வைக்கிற ஆன்டிபாடிய ஒட்டியிருக்கோம். கடிபட்டவங்க ரத்தத்துல விஷம் இருந்தா அதுல வந்து ஒட்டும். ஒட்டுன ஒடனே அந்தக் கோணம் துளி நகரும். சாயம் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஒட்டுறத ஒட்டுறப்பவே பாத்துரலாம். பத்து நிமிஷம் போதும்.”

இடுக்கில் நின்ற சிவராமுக்குக் காது சூடேறியது. தங்கத்தில் தங்கிவிடும், அதனால்தான் அது தங்கம். அது அவன் சொன்னது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், உயிர்வேதியியலில் ஆராய்ச்சி செய்ய வந்த ஒல்லியான ஒரு பெண், தங்கம் பூசிய கண்ணாடி நாலு வேண்டும் என்று கேட்டு இதே கதவில் நின்றபோது, அவளைச் சிரிக்க வைப்பதற்காகச் சொன்னது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் ஆரம்பமாயிற்று. இப்போது அதைக் கேமராவுக்கு எடுத்துக் கொடுக்கிறாள், “சிவராம் சார் சொல்லுவாரு” என்று ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல். கல்லூரிக்குள் அவள் அவனை அப்படித்தான் கூப்பிடுவாள், சார் என்று. வீட்டில் “என்னங்க”. இரண்டுக்கும் நடுவே அவள் எப்படிக் குழப்பிக்கொள்ளாமல் போய் வருகிறாள் என்பது அவனுக்கு எப்போதுமே அதிசயம்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் செய்தியில் வந்தது. மூன்றே முக்கால் நிமிஷம். “பாம்புக்கடியைப் பத்து நிமிடத்தில் கண்டறியும் கருவி: மதுரைப் பேராசிரியை சாருலதாவின் கண்டுபிடிப்பு.” செல்லூரில் விசைத்தறி மோட்டார்களும் சர்க்யூட் போர்டுகளும் பழுது பார்க்கும் அசோக்குமார்தான் அந்தப் பெரிய மேடையைச் சாப்பாட்டு டப்பா அளவுப் பெட்டிக்குள் அடக்கிக் கொடுத்தவன், அவனைக்கூட ஒரு தடவை காட்டினார்கள். சிவராமின் வலது கை மட்டும் ஒரு விநாடி வந்தது, தங்கம் பூசிய அந்தக் கண்ணாடிச் சிப்பை இடுக்கியால் பிடித்தபடி. தல்லாகுளத்து வீட்டில் போன் நிற்கவில்லை. சாருவின் தங்கை பிரியம்வதா கோயம்புத்தூரிலிருந்து வீடியோவில் வந்து, “மாமா, கையைக் கண்டுபுடிச்சிட்டேன், மோதிரத்த வச்சு” என்றாள். அவனும் சிரித்தான். சிரித்து முடித்தபோது தாடை வலித்தது.

நியாயமாகப் பார்த்தால் அவனுக்குக் குறைசொல்ல வழியில்லை. அதுதான் அவனை அரித்தது. அவள் எதையும் திருடவில்லை. ஆய்வுக் கட்டுரையில் அவன் பெயர் இருந்தது, இரண்டாவதாக. அவள் வருவதற்கு முன்னால் அவன் அந்த மேடையில் என்ன செய்துகொண்டிருந்தான்? தண்ணீரில் சர்க்கரை எவ்வளவு என்று அளந்தான். உலகம் முழுக்க எல்லாரும் அளந்ததைத்தான் அவனும் அளந்தான். மூன்று முறை நிதி கேட்டு எழுதினான், மூன்று முறையும் திரும்பி வந்தது. அவள் ஒருநாள் இட்லிமாவு கரைத்துக்கொண்டே, “கட்டுவிரியன் கடிச்சா பல் தடம்கூட இருக்காதாமே? வயித்து வலின்னு வந்து படுப்பாங்களாமே? அத நம்ம மேடைல பாக்க முடியாதா?” என்று கேட்டாள். அவ்வளவுதான். முதல் தடவையிலேயே நிதி வந்தது. அந்தக் கேள்வி அத்தனை வருஷமும் அந்த அறையிலேயேதான் கிடந்திருக்க வேண்டும். அவன் அதன்மேல் நடந்து நடந்து போயிருக்கிறான், அவள் குனிந்து எடுத்தாள். பிறர் பெற்றதைப் பார்த்து வருகிற பொறாமையை ஆறப்போட்டுவிடலாம். தனக்குக் கிடைத்திருக்க வேண்டியது, தன் காலடியிலேயே கிடந்தது என்று தெரியும்போது வருகிற பொறாமைக்குத் தூக்கம் கிடையாது.

அடுத்த வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வருவதாக இருந்தது. அவர்கள் சரி என்றால் ஐந்து ஊர் ஆஸ்பத்திரிகளில் பெட்டியை வைத்துப் பார்க்கலாம். அதற்குப் புதிய சிப்புகள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தங்கம் பூச சிவராம் தனியாகக் கல்லூரிக்குப் போனான். கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் பேயாண்டி, “சார், நேத்து டிவில மேடத்தப் பாத்தோம்ல. எங்க வீட்ல எல்லாரும் பாத்தாக. ஒங்களத்தான் காணோம்” என்றார். அவர் எந்த உள்நோக்கமும் இல்லாமல்தான் சொன்னார். “நான் லீவு” என்றான் சிவராம்.

காற்றை உறிஞ்சி எடுத்த இரும்புக் கூண்டுக்குள் தங்கத் துண்டை உருக்கி ஆவியாக்கினால், மேலே தலைகீழாக மாட்டியிருக்கும் கண்ணாடிகளில் அது போய்ப் படியும். எவ்வளவு படிந்தது என்பதை ஓரத்திலிருக்கும் மானி காட்டும். ஐம்பது நானோமீட்டர் வேண்டும். ஒரு தலைமுடியை ஆயிரத்து ஐந்நூறாகப் பிளந்தால் அதில் ஒரு பங்கு. அதற்குக் குறைந்தால் வெளிச்சம் தங்கத்தில் முழுதாகத் தங்காது. திரையில் ஓடும் கோட்டில் கூர்மையாக விழ வேண்டிய பள்ளம் ஆழமில்லாமல் அகலமாக விழும். நிறைய விஷம் இருந்தால் அப்போதும் காட்டிவிடும். துளி விஷம் இருந்தால் அந்த மேடுபள்ளத்தில் காணாமல் போய்விடும். இதெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

மானி முப்பத்தேழில் நின்றுவிட்டது. உருக்கும் தொட்டியில் தங்கம் தீர்ந்துபோயிருந்தது. காலையில் துண்டை வைக்கும்போது கவனம் எங்கோ இருந்திருக்கிறது. இனி கூண்டைத் திறந்து, கண்ணாடிகளைச் சுத்தமாகக் கழுவி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்து மணி நேரம். தங்கம் அலமாரியில் இருந்தது. நேரமும் இருந்தது. மணி பன்னிரண்டுதான். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். செய்யப் போகிறேன் என்றுதான் நினைத்தான். சாப்பிட்டுவிட்டு வந்து செய்யலாம் என்று நினைத்தான். பிறகு சிப்புகளை எடுத்துச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வரிசையாக அடுக்கினான். மூடியில் வழக்கம்போல் தேதியை எழுதினான். தேதிக்குக் கீழே ஐம்பது என்று எழுதினான். ஒரே ஒரு நாள், பெரிய மனிதர்கள் முன்னால் ஒரே ஒரு நாள் அவள் தடுமாறட்டும், பெட்டி ஏன் இப்படிப் பண்ணுகிறது என்று திரும்பி என்னைத் தேடட்டும். அதைத் தாண்டி அவன் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை அசோக்குமார் ஒரு சிப்பைப் பெட்டியில் மாட்டும்போது ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். “அண்ணே, இதுல வெளிச்சம் சாஸ்தியா தெரியுற மாதிரி இருக்கே?”

“ட்யூப்லைட்டு புதுசு மாத்திருக்காங்கல்ல, அதான்” என்றான் சிவராம்.

சாரு சோதித்துப் பார்த்தபோது, “பள்ளம் கொஞ்சம் ஆழம் கம்மியா இருக்குல்ல?” என்று கேட்டாள். லேசர் சூடாகணும் என்றான். அவள் தலையாட்டினாள். மாதிரிக்கு வைத்திருந்த விஷக் கரைசல் கெட்டியானது. அதற்குக் கோணம் நகரத்தான் செய்தது. அதோடு அவள் திருப்தியாகிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். சோதனைக்காக அதை நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். பெட்டி என்ன சொன்னாலும் வைத்தியம் டாக்டரின் கண்ணை நம்பித்தான் என்பது ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த மருத்துவமனையின் டாக்டர் கிருஷ்ணபிரசாத் போன் செய்தார். செக்கானூரணிக்கு அந்தப்புறம் ஓர் ஊரிலிருந்து ஒருவரைக் கொண்டு வந்திருக்கிறார்கள், ராத்திரி வயலில் மோட்டார் ரூமில் தரையில் படுத்திருக்கிறார், விடிகாலையிலிருந்து வயிற்று வலி, கடித்த அடையாளம் எதுவும் இல்லை, ரத்தம் எடுத்துவிட்டேன், வாருங்கள் என்றார். சிவராம் ஸ்கூட்டரை எடுத்தான். வழியெல்லாம் சாரு அவன் காதுக்குப் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தாள். “இதுக்குத்தாங்க இம்புட்டு நாளும் காத்திருந்தோம். இந்த மாதிரி ஒரு கேஸுக்கு.”

வராந்தாவில் அந்த மனிதரின் மனைவி குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். பெயர் சின்னத்தாய் என்று நர்ஸ் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கணவன் பெயர் நல்லகாமன். சாருவைப் பார்த்ததும் எழுந்து, “தாயி, நேத்து ராவு பழைய சோறுதான் சாப்புட்டாரு. அதுல ஒண்ணும் இருக்காதுல?” என்று கேட்டாள். சாரு அவள் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள்.

பெட்டி மேஜையில் இருந்தது. பக்கத்தில் டப்பா, மூடியில் அவன் கையெழுத்து. ரத்தத்திலிருந்து பிரித்த மஞ்சள் திரவத்தைச் சாரு மெல்ல ஏற்றினாள். திரையில் பள்ளம் விழுந்தது, மேலோட்டமாக, அகலமாக, வாணலியின் அடிபோல. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். கோடு கொஞ்சம் நடுங்கியது. நகர்ந்ததா, நடுக்கமா என்று சொல்ல முடியாத நடுக்கம். சாரு இன்னொரு தடவை ஏற்றினாள். அதே நடுக்கம்.

சிவராம் வாயைத் திறந்தான். அந்தச் சிப்பை நம்பாதே என்று சொல்ல நாலு வார்த்தை போதும். ஆனால் அந்த நாலைச் சொன்னால் மூடியில் எழுதியதைச் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைச் சொல்ல வேண்டும், ஒன்பது வருஷத்தைச் சொல்ல வேண்டும். டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று தனக்குத்தானே சொன்னான். பெட்டியை நம்பி யாரும் வைத்தியம் பண்ணவில்லை என்று சொன்னான். அதற்குள் சாரு கதவைத் தள்ளிக்கொண்டு போய், “டாக்டர், ஒண்ணும் நகரல” என்று சொல்லிவிட்டாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து நல்லகாமனின் இமைகள் இறங்கத் தொடங்கின. கண்ணைத் திற என்றால் நெற்றியைத்தான் சுருக்க முடிந்தது. பிறகு எச்சில் விழுங்க முடியவில்லை. விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள். அதற்குள் மூச்சும் தளர்ந்துவிட்டதால் தொண்டையில் குழாய் போட்டு மிஷினில் வைத்தார்கள். கட்டுவிரியன்தான், சந்தேகமே இல்லை என்றார் டாக்டர். கையைத் துடைத்துக்கொண்டே, “பெட்டி விஷம் இல்லேன்னு சொன்னதும் நானும் கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்னு இருந்துட்டேன். அது என் தப்புதான் மேடம். நீங்க மனசுல வச்சுக்காதீங்க” என்று சொன்னார். சாரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வராந்தாவிலிருந்து சின்னத்தாயின் அழுகை சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சும் ஒலியாக மட்டும் வந்துகொண்டிருந்தது.

அன்றும் மறுநாளும் சாரு சாப்பிட்ட மாதிரியே தெரியவில்லை. குளிர்பதனப் பெட்டி எப்போதாவது நின்றுபோயிருக்குமா என்று வார்டன்போல் எல்லாரையும் விசாரித்தாள். ஆன்டிபாடி குப்பிகளைத் தேதிவாரியாகப் பிரித்துப் பார்த்தாள். தன் கைவிரல்களைக்கூடப் பார்த்தாள். அவள் தடுமாறுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு சுவையும் இல்லை. மிஷினில் கிடந்த மனிதனின் நெஞ்சு ஏறி இறங்குவதுதான் கண்ணை மூடினால் வந்தது.

புதன்கிழமை விளக்கு வைக்கும் நேரம். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பும் காகிதமுமாகக் கிடந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள். “அசோக்கு சிப்புல ஏதோ தப்புங்கறாரு. நான் ஏசிட்டேன். எங்க வீட்டுக்காரரு பூசுற தங்கத்துல ஒருநாளும் தப்பு வராது, வேற எதையாச்சும் பாருங்கன்னு.”

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

“அவன் சொன்னது சரிதான்” என்றான். “தங்கம் தீந்துருச்சு. ஐம்பது வரல. எனக்கு ஞாயித்துக்கிழமையே தெரியும் சாரு. தெரிஞ்சேதான் ஐம்பதுன்னு எழுதினேன்.”

சமையலறையில் குக்கர் ஒரு விசில் விட்டு ஓய்ந்தது. அவள் கத்துவாள், அழுவாள், ஏன் என்று கேட்பாள். மூன்றுக்கும் அவன் பதில் வைத்திருந்தான். அவன் வாழ்க்கையிலேயே சொன்ன பெரிய வார்த்தை அதுதான்.

“எவ்வளவு வந்துச்சு?” என்று கேட்டாள்.

“என்ன?”

“ஐம்பது வரலேன்னா எவ்வளவு வந்துச்சு?”

“முப்பத்தேழு.”

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். விரல்கள் ஓட ஆரம்பித்தன. பள்ளத்தின் அடியை மட்டும் தேடுவதற்குப் பதிலாக, முப்பத்தேழு என்ற கனத்தை வைத்து முழு வளைவையும் ஒன்றாகப் பொருத்திக் கணக்குப் போட்டாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். கால் மணி நேரம் ஆகியிருக்கும். செவ்வாய்க்கிழமைக் கோட்டின் நடுக்கத்துக்கு அடியிலிருந்து இன்னொரு கோடு மெல்ல எழுந்து வந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து, தெளிவாக.

“இருக்கு! இருக்குங்க, பாருங்க, நகந்திருக்கு! நாலாவது நிமிஷத்துலயே நகந்திருக்கு!” என்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் முகம் அந்தக் கதவில் வந்து நின்ற பெண்ணின் முகமாக இருந்தது. ஒரு சின்னக் கணக்கில் அவன் எழுதிய பொய்யைக்கூட ஒரு விடையாக மாற்றிவிட்டாள். குற்ற உணர்ச்சி தொண்டைவரை நிறைந்திருந்த அந்த நேரத்திலும் அதற்குக் கீழே அந்தப் பழைய புளிப்பு ஊறுவதை அவன் உணர்ந்தான். இது எனக்குத் தோன்றவில்லையே. முப்பத்தேழு என்று தெரிந்தவன் நான்தானே, எனக்கு ஏன் தோன்றவில்லை?

அப்புறம்தான் அவளுக்கு நினைவு வந்தது. பிடித்திருந்த மணிக்கட்டைப் பார்த்தாள். விட்டாள்.

“வராந்தாவுல அந்தம்மா பழைய சோத்தப் பத்திக் கேட்டப்ப நீங்க எம் பக்கத்துலதான நின்னீங்க?”

“ஆமா.”

“அப்பவும் தெரியும்.”

பெட்டிய நம்பி வைத்தியம் இல்லையே என்ற வாக்கியம் வாய்வரை வந்தது. நல்லவேளையாக அதை விழுங்கினான். அவள் ஏன் என்று கேட்கவே இல்லை. அந்தக் காரணம் அவளுக்கு ரொம்ப நாளாகவே தெரியுமோ என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது. அவள் எழுந்து போய்க் குக்கரைத் திறந்து, தட்டு எடுத்து வைத்து, ஒரே ஒரு தட்டு, படுக்கையறைக்குப் போகும் வழியில் சொன்னாள்: “சார், சாப்பாடு மேஜைல இருக்கு.”

வியாழக்கிழமை முழுக்க அவன் பூசினான். ஐம்பது வந்தது. அசோக்குமார் வந்து டப்பாவை வாங்கிக்கொண்டு, “மேடம் இத வேற ஒரு காலேஜுல குடுத்து கனம் பாத்துட்டு வரச் சொன்னாங்கண்ணே” என்று அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “சரி, போய்ட்டு வா” என்றான் சிவராம். அன்று சாயங்காலம் நல்லகாமனுக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள் என்று டாக்டர் செய்தி அனுப்பினார். அதைச் சாரு அவனுக்குத் திருப்பி அனுப்பியிருந்தாள், தன் வார்த்தை எதுவும் சேர்க்காமல்.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. கடைசி வரிசையில் அவன் உட்கார்ந்திருந்தான். வந்தவர்களில் மூத்தவரான ஓர் அம்மாள், செவ்வாய்க்கிழமை வளைவைக் காட்டி, “இது மட்டும் ஏன் முப்பத்தேழு?” என்று கேட்டார். சாரு அந்தத் திரையைப் பார்த்தாள். “அந்தத் தடவ பூச்சு மெலிசா போயிருச்சு. பெட்டில வர்ற விடைய அப்டியே நம்புனோம், தப்பாப் போச்சு, ஒருத்தருக்கு ஒன்றரை மணி நேரம் வீணாயிருச்சு. கனத்த அளந்து கணக்குல சேத்தா மெலிசுலயும் பாக்க முடியும்னு அப்புறம் தெரிஞ்சுது. இனிமே ஒவ்வொரு சிப்பையும் ரெண்டு எடத்துல அளக்குறோம்” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. பெயரும் சொல்லவில்லை. ஒளிக்காமல் சொன்னதற்காகவே அந்த அம்மாளுக்கு அவளைப் பிடித்துப்போனது தெரிந்தது. ஐந்து ஊருக்கும் அனுமதி கிடைத்தது. கைகுலுக்கல்கள், போண்டா, காபி. அவன் காபியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, “நல்லகாமன் ஊருக்குப் போறேன், இன்னொரு தடவ ரத்தம் எடுக்கணும். டாக்டர் நர்ஸ அனுப்புறாரு” என்று சாரு அறிவித்தாள். “நானும் வாரேன்” என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐஸ் பெட்டியை அவன் கையில் கொடுத்தாள்.

செக்கானூரணியைத் தாண்டி, தென்னந்தோப்பும் செங்கல் சூளையும் மாறி மாறி வந்த ரோட்டிலிருந்து பிரிந்த கிளையில் வீடு. நல்லகாமன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். குழாய் போட்டதில் குரல் கட்டி, பேசும்போது தகரத்தில் மண் உரசுவதுபோல் இருந்தது. சாருவைக் கண்டதும் எழப்பார்த்தார், முடியாமல் உட்கார்ந்தபடியே கும்பிட்டார். “டாக்டரம்மா, ஒங்க மிஷினுதான் என்னையக் கண்டுபுடிச்சு சொல்லுச்சாமே.”

“இல்லண்ணே. அது அன்னைக்குச் சரியாச் சொல்லல. டாக்டர்தான் காப்பாத்துனாரு” என்றாள் சாரு.

“சொல்லாட்டி என்ன தாயி, நீங்க வந்தீகள்ல” என்றாள் சின்னத்தாய். கருப்பட்டிக் காபி கொண்டுவந்து வைத்தாள். நர்ஸ் ரத்தம் எடுத்த பிறகு அவளே சிவராமைப் பார்த்து, “அய்யா என்ன வேல பாக்குறாரு?” என்று கேட்டாள்.

சாரு டம்ளரைக் கீழே வைத்தாள். “எங்க மிஷினுக்குத் தங்கம் பூசுறது அவருதான்.”

“தங்கமா? நெசத் தங்கமா? எம்புட்டு இருக்கும்?”

சாரு நாலு நாளில் முதன்முறையாக அவனை நேராகப் பார்த்தாள். “அத அவர்ட்டயே கேளுங்கக்கா.”

“கண்ணுக்குத் தெரியாதும்மா” என்றான் சிவராம். “அம்புட்டு மெலிசு.”

“தெரியாத தங்கத்த வச்சு என்ன பண்ண!” என்று சின்னத்தாய் சிரித்தாள். நல்லகாமனும் சிரித்து இருமினார். கட்டிலில் கிடந்த அந்தக் கும்பிட்ட கைகளை, காய்ப்பேறிய பெரிய கைகளை, சிவராம் பார்த்தான். அவை அவள் பக்கம்தான் திரும்பியிருந்தன. இந்த மனிதனின் நாலு நாளைப் பிடுங்கிக்கொண்டவன் நான், இந்தக் கும்பிடு எனக்கு எப்படி வரும் என்று தெரிந்தே, அது தன் பக்கம் வரவில்லையே என்று உள்ளே ஏதோ முனகியது. வெட்கமாக இருந்தது. வெட்கம் அதை விரட்டவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

மோட்டார் ரூமைப் பார்க்க வேண்டும் என்றாள் சாரு. எந்த மாதிரி தரை, பொந்து இருக்கிறதா என்று எழுதிக்கொள்ள வேண்டுமாம். சின்னத்தாய் கம்பால் புல்லைத் தட்டிக்கொண்டு முன்னால் போனாள். நாற்று நட்டுப் பத்து நாளான வயல். இரு பக்கமும் தண்ணீர் நிற்க, நடுவில் ஒரு ஆள் மட்டும் நடக்கும்படியான வரப்பு. சாரு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையை ஒரு பக்கம் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். சிவராம் ஐஸ் பெட்டியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி பின்னால் போனான். குலுங்கினால் ரத்தம் கெட்டுவிடும். உள்ளே ஐஸ் கட்டிகள் கடகடவென்று ஒன்றோடொன்று மோதுவது விலாவில் கேட்டது.

வாய்க்காலுக்காக வரப்பை வெட்டிவிட்டிருந்த இடத்தில் அவள் நின்றாள். ஓர் எட்டில் தாண்டும் அகலம்தான். ஆனால் மறுபக்கம் களிமண் வழுக்கலாக மினுங்கியது. சின்னத்தாய் தாண்டிப் போய்விட்டாள். சாரு திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையைப் பின்னால் நீட்டினாள், உள்ளங்கையை மேலே விரித்து. பெட்டியைக் கேட்கிறாளா, அவன் கையைக் கேட்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு கைகளும் நிறைந்து, தண்ணீர் காலடியில் சளசளவென்று ஓட, அவன் அந்த விரித்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.